நான்காவது வால்வு

இரவில் தெரு அடங்கிய பிறகு, உலோக வால்வு பொருத்திக்கொண்டவரின் நெஞ்சிலிருந்து ஒரு சின்ன ஓசை வரும். டிக், டிக், டிக். பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் அது கேட்கும். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் வாரங்களில் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த ஓசை, போகப் போக வீட்டாருக்குத் தைரியம் தரும் ஓசையாகிவிடுகிறது. மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றே கூடக்குறைய குறுக்களவுள்ள ஒரு வளையம். அதற்குள் ஒரு தட்டு. அந்தத் தட்டு ஒவ்வொரு துடிப்புக்கும் ஒருமுறை திறந்து மூடுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல், ஆண்டுக்கு மூன்றே முக்கால் கோடி. எண்ணெய் போட முடியாது, கழற்றித் துடைக்க முடியாது, ஒரு நொடிகூட நிறுத்திவைக்க முடியாது.

செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர்களில் இப்படி வால்வு மாற்றிக்கொண்டவர்கள் பலர் முதியவர்கள் அல்லர். முப்பதுகளில், நாற்பதுகளில் இருப்பவர்கள். வேர் அவர்களுடைய பள்ளிப் பருவத்தில் இருக்கிறது. ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் வரும் சாதாரணத் தொண்டை வலி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வந்ததாக இருந்து, சரியாக மருந்து கொடுக்கப்படாமல் போனால், சில வாரங்கள் கழித்துச் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சலாக முற்றுகிறது. முட்டி வீங்கும், கணுக்கால் வீங்கும், பிறகு வற்றிவிடும். வீட்டில் மறந்தும்போவார்கள். ஆனால் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆற்றல் தன் இதயத்தின் வால்வுகளையே தாக்கித் தழும்பாக்கியிருக்கும். சின்ன வீட்டில் நிறையப் பேர் நெருங்கிப் படுத்துறங்கும் இடங்களில்தான் இந்த நோய் அதிகம். பல பெண்களுக்கு முதல் பிரசவத்தின்போது மூச்சு வாங்கத் தொடங்கி, அப்போதுதான் விஷயம் தெரியவருகிறது.

1970களில் இந்த நோயாளிகளுக்கு இந்திய மருத்துவர்கள் சொல்லக்கூடியது அதிகமில்லை. வால்வை மாற்ற வேண்டும் என்பது தெரியும். மாற்றத் தெரிந்த கைகளும் இருந்தன. வால்வுதான் இல்லை. அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ அது வரவேண்டும். அந்த விலையைக் கொடுக்கக்கூடிய குடும்பங்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் வருவதில்லை.

இந்த முட்டுச்சந்தில் நின்றவர்களில் ஒருவர் எம்.எஸ். வலியத்தான். 1934ஆம் ஆண்டு மே 24 அன்று கேரளத்தின் மாவேலிக்கரையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கியபோது அதன் முதல் மாணவர் அணியில் சேர்ந்தார். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்றார். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகங்களில் இதய அறுவை சிகிச்சையில் பயிற்சி எடுத்தார். ஜார்ஜ்டவுனில் இருந்தவர் சார்லஸ் ஹஃப்நாகல். மனித உடலுக்குள் செயற்கை வால்வு ஒன்றை 1952இலேயே வைத்துக் காட்டியவர் அவர். அப்போது இதயத்தைத் திறந்து வேலை செய்யும் வசதி இல்லாததால், பெருந்தமனியின் இறங்கு பகுதியில் ஒரு பிளாஸ்டிக் குழாயும் அதற்குள் ஒரு பந்தும் வைத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1960இல், ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளரும் சேர்ந்து இதயத்துக்குள்ளேயே வால்வைப் பொருத்தினார்கள். விமான எரிபொருள் பம்புகளில் பேர் வாங்கிய எட்வர்ட்ஸ் முதலில் முழுச் செயற்கை இதயத்தையே செய்ய ஆசைப்பட்டார். முதலில் வால்வைப் பார்ப்போம் என்று திருப்பிவிட்டவர் ஸ்டார். மருத்துவரும் பொறியாளரும் ஒரே மேசையில் உட்காராமல் இந்தத் துறையில் எதுவும் நடந்ததில்லை.

வலியத்தான் 1972இல் நாடு திரும்பினார். திருவனந்தபுரத்தில், திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த மருத்துவமனைக் கட்டடத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்குத் தலைமை ஏற்க அழைத்தார்கள். அங்கே அவர் செய்த முதல் பெரிய காரியம் ஓர் அறுவை சிகிச்சை அன்று. மருத்துவமனையோடு சேர்த்து ஓர் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றதுதான். பூஜப்புரையில் உள்ள சாட்டல்மண்ட் அரண்மனை ஆய்வுக்கூடமாயிற்று. வார்டில் நோயாளிகள், அரண்மனையில் கடைசல் இயந்திரங்கள். மருத்துவமனைக்குள் பட்டறை எதற்கு என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அந்த ஏற்பாட்டை 1980இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றித் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

வால்வுப் பணியில் அவருக்குத் தோள் கொடுத்தவர் ஜி.எஸ். புவனேஸ்வர் என்ற பொறியாளர். பிறகு சி.வி. முரளீதரன் போன்றவர்கள் சேர்ந்தார்கள். 'சாய்தட்டு வால்வு' என்ற வடிவத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்: ஓர் உலோகக் கூடு, அதில் இரண்டு கொம்புகள், கொம்புகளுக்கு நடுவே சாய்ந்து திறக்கும் தட்டு, சுற்றிலும் இதயத் தசையோடு வைத்துத் தைக்க ஒரு பாலியெஸ்டர் துணி வளையம். வரைபடமாகப் பார்த்தால் எளிமையானது. செய்யத் தொடங்கியபோதுதான் தெரிந்தது.

முதல் வடிவத்தில் டைட்டானியக் கூட்டில் கொம்புகளை எலக்ட்ரான் கற்றையால் பற்றவைத்தார்கள். பற்றவைத்த இடத்தில் உலோகம் தன் நெகிழ்வை இழந்து நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டது. சோதனைக் கருவியில் ஓடும்போது கொம்பு முறிந்தது. அதைக் கைவிட்டார்கள்.

இரண்டாவது வடிவத்தில் பற்றவைப்பே இல்லை. கூடு முழுவதையும் ஒரே டைட்டானியத் துண்டிலிருந்து குடைந்தெடுத்தார்கள். மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் உள்ள வேறுபாடுதான் இது. கடற்கரைக் கோயில் வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது, அதில் சந்துகள் உண்டு. ரதங்கள் நின்ற பாறையிலிருந்தே செதுக்கி இறக்கியவை, எங்கும் இணைப்பு கிடையாது. பாறையில் ஒரு கை தவறினால் முழு ரதமும் போயிற்று. உலோகத்திலும் அப்படியே, கடைசலில் ஒரு பிசகு முழுக் கூட்டையும் வீணாக்கும். அந்தச் செலவைத் தெரிந்தேதான் ஏற்றார்கள். தட்டைச் செயற்கை நீலக்கல்லால் செய்தார்கள். மோதிரத்தில் வைக்கும் நீலக்கல்லின் அதே பொருள்தான்; ஆனால் உலையில் ஒற்றைப் படிகமாக வளர்ப்பதால் நிறமற்றது. வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைக்கத்தக்க கடினம். அந்தக் கடினமே வினையாயிற்று: நீலக்கல் தட்டு உரசி உரசி டைட்டானியக் கொம்புகள் தேய்ந்தன.

மூன்றாவது வடிவத்தில் கொம்பு தேயாமல் இருக்க உலோகத்தை மாற்றினார்கள். டைட்டானியத்துக்குப் பதில் ஹெய்ன்ஸ்-25 எனப்படும் கோபால்ட், குரோமியக் கலப்பு உலோகம். தேய்மானம் அடங்கியது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் தேறியது. செம்மறி ஆடுகளின் இதயத்தில் வைத்தார்கள். ஓர் ஆட்டின் இதயத்துக்குள் நீலக்கல் தட்டு உடைந்தது.

ஒரு கணம் அந்த அறையில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டு உழைப்பு, அரசுப் பணம், நம்பிக்கையோடு காத்திருக்கும் மருத்துவர்கள். உடைந்தது ஒரு தட்டுதான். பல ஆடுகளில் ஒன்றில்தான். கொஞ்சம் மெருகேற்றி, கொஞ்சம் தடிமன் கூட்டி, மனிதர்களிடம் கொண்டுபோயிருக்கலாம் என்று வாதாட இடமிருந்தது. அவர்கள் நீலக்கல்லையே விட்டார்கள். வலியத்தான் என்ற கண்டுபிடிப்பாளரின் வாழ்க்கையில் மிகப் பெரிய நாள் எது என்று கேட்டால், விருது வாங்கிய நாள்களை விட இந்த முடிவெடுத்த நாளைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

அந்த முடிவின் கனத்தை உணர அதே ஆண்டுகளில் வெளிநாட்டில் நடந்ததைப் பார்க்கலாம். பியோர்க்-ஷைலி என்ற புகழ்பெற்ற சாய்தட்டு வால்வின் ஒரு வடிவம் 1979 முதல் சந்தையில் இருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதன் கூட்டில் ஒரு கொம்பு பற்றவைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான நோயாளிகளில் அந்தப் பற்றவைப்பு விட்டுப்போய், கொம்பு முறிந்து, தட்டு நழுவியது. பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1986இல் அந்த வடிவத்தைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். அதே நிறுவனமும் ஒரே துண்டில் குடைந்தெடுத்த கூட்டுக்கு மாறியது. திருவனந்தபுரத்தில் சோதனைக் கருவிக்குள்ளேயே முறிந்துவிட்ட முதல் வால்வு எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றியது என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

நான்காவது வடிவத்தில் நீலக்கல்லுக்குப் பதில் வந்தது ஒரு பிளாஸ்டிக்: மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலித்தீன். இந்தப் பிளாஸ்டிக் மருத்துவத்துக்குள் நுழைந்த வழி சுவையானது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, தேய்ந்த தூள் சதையைப் புண்ணாக்கியது. தன் நோயாளிகள் பலருக்கு அவர் மறுபடி அறுவை செய்ய வேண்டியதாயிற்று. மனமுடைந்து போனார். 1962இல் விற்பனையாளர் ஒருவர், நெசவுத் தறிகளின் பல்சக்கரங்களுக்கு ஆகும் ஒரு பிளாஸ்டிக் துண்டை அவருடைய ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டுப் போனார். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் ஊரில் இல்லாத நாள்களில் உதவியாளர் ஹாரி கிரேவன் அதைத் தேய்மானக் கருவியில் பூட்டி ஓட்டிப் பார்த்தார். தேயவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவான தேய்மானம். சார்ன்லி அடுத்துச் செய்தது இன்னும் துணிச்சலானது: அந்தப் பொருளின் சிறு துண்டைத் தன் தொடையிலேயே வைத்துப் பார்த்தார். விசைத்தறி ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தச் செய்தி இனிக்கும். தறியில் ஓடிய பொருள் இடுப்புக்குப் போய், அங்கிருந்து அதே குடும்பத்துப் பிளாஸ்டிக் திருவனந்தபுரத்தில் இதயத்துக்கு வந்தது.

உடலுக்குள் வைக்கும் எதற்கும் இன்னொரு சோதனை உண்டு, அது உப்பு. கிழக்குக் கடற்கரையில் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரம் வீடு கட்டியவர்களுக்கு ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் உதிரும் என்பது தெரியும். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம்; நம் உடல் திரவத்தில் 0.9 சதவீதம். நான்கில் ஒரு பங்குதான். ஆனால் 37 டிகிரி வெப்பத்தில், ஆக்சிஜனோடு, இடைவிடாமல். கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் உலோகவியலாளர்கள் இந்தக் கேள்விக்குள் வந்தது வியப்பில்லை; உலைகளின் உலோகம் எப்படி அரிக்கப்படுகிறது என்று பார்ப்பதே அவர்கள் தொழில். யு. காமாட்சி முதலி, டி.எம். ஸ்ரீதர், பல்தேவ் ராஜ் ஆகியோர் 2003இல் 'சாதனா' ஆய்விதழில் உடல் உள்வைப்புகளின் அரிமானம் பற்றி விரிவான கட்டுரை எழுதினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்தில் கால் முறிந்து, "பிளேட் வச்சிருக்கு, ராடு வச்சிருக்கு" என்று சொல்பவர்களின் உடலில் இருக்கும் துருப்பிடிக்காத எஃகும் அதில் அடக்கம். திருகாணியின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடுக்கில்தான் அரிமானம் பெரும்பாலும் தொடங்குகிறது. பெயரில்தான் துருப்பிடிக்காது என்று இருக்கிறது.

நான்காவது வால்வு சோதனைக் கருவியில் 36 கோடி முறை திறந்து மூடியது. இதயத்தின் கணக்கில் ஒன்பதரை ஆண்டு. கருவி வேகமாக ஓடுவதால் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. தேய்மானத்தை அளந்து பார்த்தால் ஒரு மனித ஆயுளுக்குத் தாங்கும் என்று தெரிந்தது. ஆடுகளிலும் தேறியது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதன் பிறகும் அவசரப்படவில்லை. 1995 ஜனவரி வரை ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்குப் பொருத்தி, ஒவ்வொருவரையும் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

தயாரிக்க முன்வந்தது சென்னையின் டி.டி.கே. குழுமம். பிரஷர் குக்கர் முதல் பல பொருள்களுக்காகத் தமிழ் வீடுகளில் அறிமுகமான பெயர். வால்வுத் தொழிற்சாலை திருவனந்தபுரத்திலேயே அமைந்தது. டி.டி.கே. சித்ரா வால்வு என்ற பெயரில், இறக்குமதி வால்வுகளை விடக் கணிசமாகக் குறைந்த விலையில், இன்றுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. சென்னையிலும் வேலூரிலும் அறுவை செய்துகொண்ட எத்தனையோ தமிழர் நெஞ்சில் ஓடுவது இதுதான். தங்கள் நெஞ்சில் இருப்பதற்குப் பின்னால் மூன்று தோல்விகள் இருக்கின்றன என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுவது.

வலியத்தான் 1994இல் சித்திரைத் திருநாள் நிலையத்தை விட்டு மணிப்பாலுக்குப் போனார். பிற்காலத்தில் சரகர், சுஸ்ருதர், வாக்படர் என்று ஆயுர்வேத மூலநூல்களுக்குள் இறங்கி நூல்கள் எழுதினார். 2005இல் பத்ம விபூஷண். 2024 ஜூலை 17 அன்று, 90ஆம் வயதில், மணிப்பாலில் மறைந்தார்.

செங்கல்பட்டுக்கு இந்தக் கதையில் வேறொரு அக்கறையும் இருக்கிறது. நகரை ஒட்டிய திருமணியில் அந்நாளில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1947இல் அதைப் பார்க்க வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வந்தார். மடங்கிப்போன கையை உடைய ஒரு நோயாளியின் கையைப் பற்றியபோது, பிடி இரும்பாக இறுகியது. செயலிழந்த கை என்று எல்லாரும் விட்டுவிட்ட கைக்குள் நல்ல தசைகள் இருக்கின்றன என்பது அவருக்கு அந்த நொடியில் புலப்பட்டது. நல்ல தசைநாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிவைக்கும் அறுவையை வேலூரில் அடுத்த ஆண்டே தொடங்கினார். உடலின் பொருளைக் கொண்டே உடலைச் சரிசெய்யும் வழி அது. அப்படி மாற்றிவைக்க உடலில் எதுவும் இல்லாதபோதுதான் வலியத்தான் போன்றவர்களின் வேலை தொடங்குகிறது.

அதே செங்கல்பட்டில் மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் பூங்காவுக்காக ஹெச்.எல்.எல். பொதுத்துறை நிறுவனத்தின் 330 ஏக்கர் நிலத்தை உள்குத்தகைக்கு விட 2017இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பக்கத்து ஒரகடத்தில் மாநில அரசின் மருத்துவக் கருவிப் பூங்கா. நிலம், மின்சாரம், வரிச்சலுகை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் சித்ரா வால்வுக்கு ஒரு டஜன் ஆண்டுகள் தேவைப்பட்டன. அதில் பெரும்பகுதி, செய்ததைச் சோதித்துத் தூக்கிப்போடுவதில் கழிந்தது. ஆடுகளைப் பராமரிக்கும் கொட்டகை, நாளெல்லாம் ஓடும் தேய்மானக் கருவி, மூன்றாவது முறை தோற்ற பிறகும் சம்பளம் கொடுக்கும் நிறுவனம். பூங்காக்களில் இவற்றுக்கு இடம் ஒதுக்காவிட்டால், வெளிநாட்டில் வடிவமைத்ததை இங்கே பொட்டலம் கட்டி அனுப்பும் வேலைதான் நடக்கும்.

வால்வு பொருத்திக்கொண்டதோடு நோயாளியின் பாடு முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உலோகத்தைத் தொட்டால் ரத்தம் உறையப் பார்க்கும். அதனால் ஆசிட்ரோம் போன்ற உறைவு எதிர்ப்பு மாத்திரை ஆயுள் முழுவதும். கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி. அளவு சரியா என்று பார்க்க மாதந்தோறும் ஐ.என்.ஆர். பரிசோதனை. ஒரு வாரம் தினமும் முருங்கைக் கீரை, மறுவாரம் கீரையே இல்லை என்று சாப்பிட்டால் மாத்திரையின் கணக்கு மாறிவிடும். கீரையை விட வேண்டியதில்லை, ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். கருவுற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே இதய மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். இந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும்.

அடுத்த தலைமுறைக்கு இவ்வளவும் தேவைப்படாமல் செய்யும் வழி விலை குறைந்தது. காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மருத்துவரிடம் காட்டி, அவர் தரும் மருந்தை நடுவில் நிறுத்தாமல் முடிப்பது. ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நீண்ட நாள் வேலை செய்யும் பென்சிலின் ஊசி. வலிக்கும் ஊசிதான், பல ஆண்டுகள் போட வேண்டும். வீக்கம் வற்றி, பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் பெற்றோர் நிறுத்திவிடுவது இந்த ஊசியைத்தான். 2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றன. அவர்கள் தேடும் நோய்களின் பட்டியலில் ருமாட்டிக் இதய நோயும் உண்டு. அந்தக் குழு பள்ளிக்கு வரும் நாளில், சிறு வயதில் பிள்ளையின் மூட்டு வீங்கியது நினைவிருந்தால் அதைப் பெற்றோர் மறக்காமல் சொல்ல வேண்டும்.